தொட்டுப் பார்த்துப் படிக்கும் வரலாறு: டீச்சர் பதில்கள்

அரியாங்குப்பம் பக்கத்தில் 24 வருடமாக ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கான வரலாற்றுச் செயல்பாடுகளைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாலாம் வகுப்பை அரிக்கமேட்டுக்குக் கூட்டிப் போகிறோம். கீழே கிடக்கிற பானை ஓடுகளைப் பிள்ளைகள் எடுத்து வரலாமா?

வேண்டாம். ஒரு ஓடுகூட வேண்டாம். அரிக்கமேடு பழங்காலத் துறைமுக ஊர் இருந்த இடம், மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஓட்டை எடுத்துவிட்டால், அது எந்த இடத்தில், எதனோடு கிடந்தது என்ற செய்தி அழிந்துவிடும். வீட்டு அலமாரிக்கு வந்தபின் அது வெறும் ஓடுதான்.

அதற்குப் பதில் வகுப்பிலேயே தோண்டலாம். ஆழமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் அடியில் கடற்கரை மணல், அதன்மேல் செம்மண், அதற்கும் மேலே தோட்டத்து மண் போடுங்கள். அடி மணலில் உடைந்த சட்டியும் சில மணிகளும், நடுவில் ஓட்டுத் துண்டு, மேலே சோடா மூடியும் ஐந்து ரூபாய் நாணயமும். சணல் கட்டி நாலு கட்டமாகப் பிரியுங்கள். பழைய பெயிண்ட் பிரஷ்ஷும் ஸ்பூனும் போதும். ஒரே விதி: எந்தக் கட்டம், எத்தனை செ.மீ. ஆழம் என்று நோட்டில் எழுதிய பிறகுதான் பொருளை வெளியே எடுக்க வேண்டும்.

இதைத்தான் பிரிட்டிஷ் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் 1945இல் அரிக்கமேட்டில் நம் நாட்டு மாணவர்களுக்குப் பழக்கினார். அடியில் இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இது புரிந்துவிட்டால் காலம் என்பது என்னவென்று புரிந்த மாதிரி. சட்டியில் இரண்டு துண்டுகளை வேண்டுமென்றே ஒளித்து வையுங்கள். ஒட்டும்போது ஓட்டை விழும். அங்கே என்ன இருந்திருக்கும் என்று பேச விடுங்கள்.

தெர்மோகோலில் தஞ்சைப் பெரிய கோயில் செய்து தருகிற கடை புதுச்சேரியில் எங்கே?

கடையில் வாங்கினால் பிள்ளை கற்பது ஒன்றுமில்லை. வில்லியனூர் மண்பாண்டத் தொழிலாளர்களிடம் கொஞ்சம் களிமண் வாங்கித் தாருங்கள்.

கடலூர் பிள்ளைகளுக்கு எங்கள் ஊர் வரலாற்றையே வைத்து ஏதாவது சொல்லுங்கள்.

தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டை இருக்கிறதே! 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி அதை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அதுவரை நிலம் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது.

மைதானத்தில் சுண்ணாம்பால் சின்ன வட்டம் போட்டுக் கோட்டை என்று சொல்லுங்கள். சுற்றிலும் பத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு ஊர்ப்பெயர் அட்டையோடு நிற்கட்டும். வட்டத்துக்குள் இருப்பவர் எல்லாத் திசையிலும் துணிப்பந்தை எறியட்டும். பந்து விழுந்த இடங்களைக் கயிற்றால் இணையுங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட ஊர்க்காரர்களிடம், "உன்னை யாராவது கேட்டார்களா?" என்று கேளுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பையன் கயிற்றைத் தாண்டி வெளியே ஓடிப்போய் நின்றுகொண்டான். அன்றைய பாடத்தை அவனைவிட நன்றாக யாரும் புரிந்துகொள்ளவில்லை.

தெர்மோகோல் செங்கோட்டை...

மேலே சொன்னதேதான்.

அரிக்கமேடு ரோமானியர் கட்டிய ஊர். நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே?

சொல்லாததற்குக் காரணம், அது சரியில்லை என்பதுதான். ரோமானியப் பொருள்கள் அங்கே வந்தன. மதுவும் எண்ணெயும் கொண்டுவந்த ஆம்போரா ஜாடிகள், இத்தாலியச் சிவப்புத் தட்டுகள் எல்லாம் கிடைத்தன. ஆனால் ஊர் நம்முடையது.

வீலரே ரோமானிய வணிக நிலையம் என்றுதானே எழுதினார்?

எழுதினார் சார். ஆனால் ஆய்வு அவரோடு நின்றுவிடவில்லை. 1989 முதல் 1992 வரை தொல்லியல் ஆய்வாளர் விமலா பெக்லியின் குழு மறுபடி தோண்டியது. ரோம வணிகத்துக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது தெரிந்தது. உட்புறத்தில் வட்ட வட்டமாகப் புள்ளி வரிசை பதித்த தட்டுகள் இருக்கின்றன அல்லவா, அந்த வேலைப்பாடு மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்தது என்று வீலர் நினைத்தார். பிறகு தட்டின் களிமண்ணைச் சோதித்தபோது தட்டுகள் இந்தியாவில் செய்தவை என்று தெரிந்தது. தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. நம் குயவரும் மணி செய்தவரும் வாழ்ந்த ஊரை வெளியூர்க்காரர் கட்டியது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களே பார்க்கட்டும்: ஈரக் களிமண் தட்டில் உடைந்த பொம்மைக் காரின் பல்சக்கரத்தை உருட்டினால் அதே மாதிரிப் புள்ளி வரிசை விழும்.

கர்நாடகப் போர்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வழி?

அது பெரிய வகுப்புப் பாடம். அந்த வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள்.

தெர்மோகோலை வெட்ட எந்தக் கத்தி நல்லது?

இனி தெர்மோகோல் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

அரிக்கமேட்டுக் கண்ணாடி மணிகளை எப்படிச் செய்தார்கள்? பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

நல்ல கேள்வி. உருகிய கண்ணாடியை உள்ளே துளையோடு நீளமான குழாயாக இழுப்பார்கள். அது ஆறியதும் பொடிப்பொடியாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனையை மழுக்குவார்கள். நெருப்பு இல்லாமல் காட்ட, பப்பாளி இலைக் காம்பு ஒன்று போதும். உள்ளே ஏற்கனவே துளை இருக்கும், நீங்கள் குறுக்கே நறுக்க நறுக்க மணி மணியாக விழும். ஒவ்வொன்றாகத் துளை போடவில்லை என்பது பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். பால் வடியும், அரிக்கும். முதல்நாளே வெட்டி, கழுவிக் காய வைத்துவிடுங்கள். நூலில் கோத்த பிறகு பாரதி பூங்கா பக்கத்து அருங்காட்சியகத்துக்குப் போய் உண்மையான மணிகளைப் பாருங்கள். அரிக்கமேட்டில் மணி கண்ணில் பட்டால், கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.