சர்ச்சுக்குள்ள கறி தொங்கவிட்டாங்களா?

கேள்வி: ருமேனியா போறோம், டிரான்சில்வேனியா கிராமத்துப் பழைய சர்ச்சுங்களைப் பாக்கணும்னு எனக்கு ஆசை. எல்லாம் ஒரே மாதிரி கல்லு செவுருதானேன்னு வீட்ல சலிச்சுக்கிறாங்க, என்ன சொல்லட்டும்?

பதில்: அது பாதி சர்ச்சு, பாதி கோட்டைன்னு சொல்லுங்க. 12-ம் நூற்றாண்டுல ஹங்கேரி ராஜா கூப்பிட்டுக் குடியேறின சாக்சன் ஜனங்க, ஜெர்மன் பேசுறவங்க, பின்னாடி துருக்கிப் படை அடிக்கடி வந்ததால சர்ச்சைச் சுத்தி மதில் எழுப்பி தானியம், உப்புப் போட்ட பன்றிக்கறின்னு எல்லாத்தையும் உள்ளயே சேத்து வெச்சாங்க, விஸ்க்ரிங்கிற கிராமத்துல கறி தொங்கவிட்ட டவரே இருக்கு. பியெர்த்தான்ங்கிற கிராமத்துச் சர்ச்சுல 1515-ல செஞ்ச ஒரு பூட்டு இருக்கு, சாவிய திருப்புனா கதவு சுத்தி ஏகப்பட்ட தாழ்ப்பாள் ஒண்ணா விழும், நானா இருந்தா அதுக்காகவே போவேன்! விவாகரத்து கேட்ட ஜோடிய ஒரே கட்டில், ஒரே தட்டோட ரூம்ல அடைச்ச கதையும் அங்கதான் (இத வீட்ல சொல்லாதீங்க).

1990 வாக்குல சாக்சன்கள்ல பெரும்பாலானவங்க ஜெர்மனிக்குப் போயிட்டாங்க, அதனால சின்ன ஊர்கள்ல சர்ச்சு பூட்டியே கெடக்கும், பக்கத்து வீட்ல சாவி கேட்டுப் பாருங்க, தொறந்துவிட வர்றவங்ககிட்ட கொஞ்சம் பேச்சும் குடுங்க.