ஸ்டிக்கரில் இல்லாததைக் கேளுங்கள்: கேமிங் லேப்டாப் கேள்வி பதில்

கையில் 60,000 முதல் 85,000 ரூபாய் வரை வைத்துக்கொண்டு கேமிங் லேப்டாப் தேடுகிறவர்கள் கேட்டவை இவை. விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் "இந்த மாடலை வாங்குங்கள்" என்று சொல்வதில்லை. வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

திருச்சி, கல்லூரி மாணவர்: நான் பார்த்த இரண்டு லேப்டாப்பிலும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4050 கிராபிக்ஸ் சிப்தான் இருக்கிறது. ஒன்று மெலிதாக, எடை குறைவாக, விலையும் குறைவாக இருக்கிறது. அதையே வாங்கலாமா அண்ணா?

பெயர் ஒன்றுதான் தம்பி, வேகம் ஒன்றல்ல. லேப்டாப்பில் இருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கு எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப் தயாரிப்பாளர்தான் முடிவு செய்கிறார். 4050க்கு என்விடியா அனுமதிக்கும் எல்லை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. மின்னழுத்தம் குறைந்த மாலை நேரத்தில் கிணற்று மோட்டார் ஓடுவதைப் பார்த்திருப்பாய்: அதே மோட்டார்தான், தண்ணீர் மட்டும் பாதிதான் வரும். மெலிதான பெட்டியில் வெப்பம் வெளியேற இடமில்லை என்பதால் பெரும்பாலும் வாட்டைக் குறைத்துவிடுகிறார்கள். ஸ்டிக்கரில் இது இருக்காது.

கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனை அழுத்து. அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் எத்தனை வாட் என்று அங்கே இருக்கும். அந்த எண்ணில் டைனமிக் பூஸ்ட் என்ற ஒரு பங்கும் சேர்ந்திருக்கும். பிராசசருக்கு அதிக வேலை இல்லாதபோது மிச்சமாகும் மின்சாரம் அது. எல்லா கேமிலும் கிடைக்காது.

அதற்காக 115 வாட் இருந்தால்தான் வாங்குவேன் என்று அடம் பிடிக்கவும் வேண்டாம். 50க்கும் 90க்கும் இடையிலான வித்தியாசம் கேமில் நன்றாகவே தெரியும். 100ஐத் தாண்டினால் 4050க்கு ஆதாயம் மிகக் குறைவு.

கோயம்புத்தூர், ஒரு தாய்: மகன் முதலாண்டு பொறியியல் படிக்கிறான். படிப்புக்குக் கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்கிறான். உண்மையா?

பாதி உண்மை அம்மா. இயந்திரவியல், கட்டடவியல் படித்து முப்பரிமாண வரைபடங்கள் போடுகிறவர்களுக்குத் தனி கிராபிக்ஸ் சிப் பயன்படும். கணினி அறிவியல் முதலாண்டில் எழுதும் புரோகிராம்களுக்கு அது தேவையே இல்லை. "ஏஐ படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், தொடக்கப் பாடங்களுக்கு, இணையத்திலேயே புரோகிராம் ஓட்டும் கூகுள் கோலாப் இலவசமாகவே போதும் என்று சொல்லிப் பாருங்கள். முகம் எப்படிப் போகிறது என்பதிலேயே மீதிப் பாதி தெரிந்துவிடும்.

விளையாடவும் வேண்டும் என்று நேராகக் கேட்டால் வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் இந்த வகை லேப்டாப்புகள் பெரும்பாலும் இரண்டு கிலோவுக்கு மேல். சார்ஜர் எடை தனி. பேட்டரி ஒரு முழு நாள் வகுப்புக்குத் தாங்குவது அரிது. தினமும் பஸ்ஸில் சுமந்து போகிற பையனா, விடுதியில் மேசைமேல் வைத்துக்கொள்கிற பையனா என்பதையும் யோசியுங்கள்.

சேலம்: திரை 144 ஹெர்ட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நல்ல திரைதானே?

விலை குறைந்த கேமிங் லேப்டாப்பில் முதலில் கத்தி விழும் இடம் திரைதான். 144 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 144 முறை படம் புதுப்பிக்கப்படும், அவ்வளவுதான். நிறம் எப்படி, வெளிச்சம் எவ்வளவு என்பதைப் பற்றி அந்த எண் ஒன்றுமே சொல்வதில்லை.

விவரக்குறிப்பில் "45 சதவீதம் என்டிஎஸ்சி" (நிறங்களை அளக்கும் ஒரு பழைய அளவுகோல்) என்று சின்ன எழுத்தில் இருந்தால், கணினித் திரைகளுக்கான பொது அளவுகோலான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் சுமார் 60 சதவீதத்தைத்தான் அந்தத் திரை காட்டும். சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். புகைப்படம், வீடியோ எடிட்டிங் செய்கிறவர் அதை நம்பி நிறம் திருத்தினால் வேறு திரையில் பார்க்கும்போது அதிர்ச்சிதான். கேம் மட்டும் ஆடுகிறவருக்குக்கூட வெளிறிப்போன காடும் வானமும் சில நாளில் சலிப்புத் தரும். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வெளிச்சம் 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்வது கஷ்டம். 300க்கு மேல் இருப்பது நல்லது.

இன்னொன்று: கிராபிக்ஸ் சிப்பை நேராகத் திரையோடு இணைக்கும் மக்ஸ் ஸ்விட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கிராபிக்ஸ் சிப் உருவாக்கும் ஒவ்வொரு படமும் பிராசசருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்கு வரும். வேகமான கேம்களில் நொடிக்கு வரும் படங்களில் (ஃபிரேம்) கொஞ்சம் அதில் போய்விடும். ராமை மாற்றலாம், எஸ்எஸ்டியை மாற்றலாம். திரையை மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை. என் கையில் இன்னும் 5,000 ரூபாய் இருந்தால் அதைத் திரைக்குத்தான் கொடுப்பேன்.

திருநெல்வேலி: 16 ஜிபி ராம் இருக்கிறது. போதுமா?

போதும். ஆனால் ஒரே ஸ்டிக்கா, எட்டு எட்டாக இரண்டா? ஒரே ஸ்டிக் என்றால் டியூயல் சேனல், அதாவது இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் தகவல் போய்வரும் வசதி, கிடைக்காது. பிராசசரை நம்பியிருக்கும் கேம்களில் வேகம் குறையும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் உள்ளது என்று தெரியும். "பிறகு ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்" என்பது முன்பு நல்ல யோசனையாக இருந்தது. 2025 இறுதியில் ராம் விலை ஏறிய வேகத்துக்குப் பிறகு, இரண்டு ஸ்டிக்கோடு வருவதையே முதலில் தேடுங்கள்.

புதுச்சேரி: 4 ஜிபி கிராபிக்ஸ் மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 2050 மலிவாகக் கிடைக்கிறது.

வேலோரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, பழைய ஜிடிஏ 5 ஆகியவை மட்டும் என்றால் ஓடும். புதிய பெரிய கேம்களுக்கு 4 ஜிபி பற்றாது. படத்தின் தரத்தைக் குறைத்தாலும் நடுநடுவே திக்கும். 2050இன் மெமரி பாதை 64 பிட் மட்டுமே, அதாவது குறுகல் என்பது இன்னொரு குறை. 3050இலும் 4 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு உண்டு. பில்லில் எது என்று எழுதி வாங்குங்கள். ஜிடிஎக்ஸ் 1650 பக்கம் இனிப் போகவே வேண்டாம். ஒளியையும் நிழலையும் கணக்கிட்டுக் காட்டும் ரே டிரேசிங் வசதி இல்லாத சிப்பில் 2025இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் போன்றவற்றை ஆடவே முடியாது.

ஈரோடு: ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை பிராசசர் என்றால் புதியதுதானே?

எல்லாம் இல்லை. மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 7535ஹெச்எஸ்ஸில் அது 3, அதாவது ஜென் 3 வகையைச் சேர்ந்த பழைய வடிவமைப்பு. 4 என்றால் ஜென் 4. இன்டெல்லிலும் இதே கதைதான்: ஐ5 12450ஹெச், 13420ஹெச் இரண்டிலும் நான்கு பெரிய கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), நான்கு சிறிய கோர். தலைமுறை எண் கூடியதற்காக ரொம்பப் பணம் கூட்டிக் கொடுக்க வேண்டாம். 4050ஓடு சேர இவை எல்லாமே போதும்.

வேலூர்: எங்கள் ஊர் வெயிலில், ஏசி இல்லாத அறையில் தாங்குமா?

நல்ல கேள்வி, கேட்பவர்தான் குறைவு. வீடியோ விமர்சனங்களில் பெரும்பாலும் ஏசி அறையில்தான் சோதிக்கிறார்கள். உங்கள் அறை பத்து டிகிரி அதிகம் என்றால் சிப்பும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி கூடுதலாகச் சூடாகும், அல்லது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெல் பிராசசர் 95 டிகிரியைத் தொட்டால் பதற வேண்டாம். 100 வரை போகும்படியே அவற்றை வடிவமைத்திருக்கிறார்கள். கிராபிக்ஸ் சிப் 85ஐத் தாண்டி அங்கேயே நின்றால்தான் கவனிக்க வேண்டும்.

வாங்குமுன் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பாருங்கள்: காற்று உள்ளே போகும் துளைகள் விசாலமாக இருக்கிறதா? சூடான காற்று வலப்பக்கம் வெளியே வந்தால் மவுஸ் பிடிக்கும் கை வேகும். பின்பக்கம் வருவது உத்தமம். வீட்டில் ஃபிரேமை 60 அல்லது 90க்குக் கட்டுப்படுத்தி ஆடினால் சூடும் குறையும், விசிறிச் சத்தமும் குறையும். மெத்தைமேல் வைத்து ஆடுகிறவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

சென்னை: தள்ளுபடி விற்பனையில் ஆன்லைனில் வாங்கலாமா?

வாங்கலாம். திருப்பி எடுத்துக்கொள்வார்களா, மாற்றி மட்டும் தருவார்களா என்பதை முதலில் படியுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். மாற்றித் தரும் காலம் முடிவதற்குள் ஒரு கனமான கேமை ஒரு மணி நேரம் ஓட்டி, எல்லா போர்ட்டிலும் எதையாவது செருகிப் பாருங்கள். வட்டியில்லாத் தவணை என்றாலும் வட்டித் தொகைமீது 18 சதவீத ஜிஎஸ்டி பிடிப்பார்கள், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சென்னை, இன்னொருவர்: ரிச்சி தெருவில் பழைய ஆர்டிஎக்ஸ் 3060 லேப்டாப் கிடைக்கிறது. புதிய 3050ஐ விட மேலா?

வேகத்தில் நிச்சயம் மேல். ஆனால் 3060 லேப்டாப்புகள் 2021இல் வந்தவை. உத்தரவாதம் பெரும்பாலும் முடிந்திருக்கும். பணம் கொடுக்குமுன் சார்ஜரைச் செருகி அரை மணி நேரம் கேம் ஓட விடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். விண்டோஸே தரும் பேட்டரி அறிக்கையில், புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போதைய முழு சார்ஜையும் ஒப்பிடுங்கள். பாதிக்குக் கீழே என்றால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். மூடியைப் பத்து முறை திறந்து மூடிப் பாருங்கள். கீலருகே விரிசல் இருந்தாலோ, அடிப்பக்கத்தில் ஒரு திருகு குறைந்தாலோ வேண்டாம்.