வாழ்நாள் முழுக்க ஒரே நாட்டுச் சாப்பாடு என்றால் எது?

இந்தியச் சமையலைக் கணக்கில் சேர்க்காமல், ஆயுசுக்கும் ஒரே நாட்டுச் சாப்பாடு என்றால் எது என்று கேட்கிறீர்கள். சேலத்துக்காரன் நான் மெக்சிகோ என்பேன்.

ருசியை விடுங்கள், தினமும் தின்றால் உடம்பு தாங்க வேண்டுமே! அங்கே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவி அரைக்கிறார்கள். சோளத்தில் சிக்கிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் சத்து அப்போதுதான் உடம்பில் சேரும், கால்சியமும் கூடும். இந்தப் பக்குவம் தெரியாமல் சோளத்தையே நம்பிக் கிடந்த இத்தாலிய ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் படுத்தி எடுத்தது. கூடவே பீன்ஸ் இருப்பதால் புரதத்துக்கும் பஞ்சமில்லை.

சரி, நாக்குக்கு? மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்தவைதானே. மொறுமொறு சோள ரொட்டிமேல் வெங்காயம், காய், காரச் சட்னி குவித்துத் தரும் டோஸ்டாடா, நம்மூர் தட்டுவடை செட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பீட்ரூட் துருவல்தான் குறை. 2010இல் யுனெஸ்கோ இந்தச் சமையலைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்காக நான் மெக்சிகோவுக்கு ஓட்டுப் போடவில்லை.

இட்லிக்கு ஏங்குவேன், அது நிச்சயம். காப்பிக்குக் கவலையில்லை, ஏற்காட்டைப் போலவே மெக்சிகோவின் சியாபாஸ் மலைகளிலும் அராபிகா காப்பி விளைகிறது.