ஞாயிறு மதியம், ஆறு பேர், வண்டி இல்லை: எங்கே போவது?

கல்லூரி விடுதியில் இருக்கும் நீங்கள் ஆறு பேரும் ஞாயிறு மதியம் வண்டி இல்லாமல் எங்கே போகலாம் என்று கேட்டு, ஒரு முறை அருங்காட்சியகம் வரை போய் மூடிய கதவைப் பார்த்துத் திரும்பியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மூடும் நேரம் ஐந்து மணி என்றால் நுழைவுச்சீட்டு கொடுப்பதை அரைமணியோ ஒரு மணியோ முன்னதாகவே நிறுத்திவிடுவார்கள். வார விடுமுறையும் இடத்துக்கு இடம் மாறும். கிளம்பும் முன் போன் செய்து "கடைசிச் சீட்டு எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். மாணவர் சலுகைக்கு அசல் அடையாள அட்டை வேண்டும், போனில் இருக்கும் படம் பல இடங்களில் செல்லாது.

மூன்று மணி நேரம்தான் கையில் என்றால் நாலு கிலோமீட்டருக்குள் ஒரே ஒரு இடம் போதும். கும்பலாக நடந்தால் ஒரு வழிக்கே ஒரு மணி நேரம் ஆகிவிடும். பஸ்ஸில் போனால், இறங்கியதும் திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு அட்டவணை பல ஊர்களில் வேறு. வரைபடத்தை விடுதி வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள்.

வளாகத்தையும் விட்டுவிடாதீர்கள். தாவரவியல் தோட்டம், நிலவியல் துறையின் பாறை மாதிரிகள் எல்லாம் இருந்தால், வேலைநாளில் துறை அலுவலகத்தில் அனுமதி கேட்கலாம். தொலைநோக்கி இருந்தால் பௌர்ணமியன்று போகாதீர்கள், நிலவு தட்டையாகத் தெரியும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிப் போங்கள்: ஒளியும் இருளும் சேரும் கோட்டில், பள்ளங்களின் விளிம்பு நிழல் நீளமாக விழுந்திருக்கும். அதை அவசியம் பார்க்க வேண்டும்.