நல்ல கடத்தி ஏன் மீக்கடத்தி ஆவதில்லை?

கேள்வி: செம்பும் வெள்ளியும் மின்சாரத்தை அவ்வளவு நன்றாகக் கடத்துகின்றன, ஆனாலும் குளிர்வித்தால் மின்தடையே இல்லாமல் போகும் மீக்கடத்திகள் ஆவதில்லை. பீங்கான் போன்ற ஓர் ஆக்சைடு ஆகிறது என்கிறார்கள். எப்படி?
— ஒரு கல்லூரி மாணவி

பதில்: இதே குழப்பம் எனக்கும் இருந்தது. அதைத் தீர்த்து வைத்தது ஒரு கறுப்பு வில்லை.

ஆய்வு மாணவனாக இருந்தபோது இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடுப் பொடியை வில்லையாக அழுத்தி, 900 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட்டேன். அவசரப்பட்டு உலையிலிருந்து சூட்டோடு எடுத்துவிட்டேன். வெள்ளிப் பசையால் நான்கு மெல்லிய கம்பிகளை ஒட்டி, வெளிக்கம்பிகளில் மின்னோட்டம் செலுத்தி, உட்கம்பிகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளந்தபடியே குளிர்வித்தேன். குளிரக் குளிர மின்தடை ஏறிக்கொண்டே போனது! மனம் உடைந்துவிட்டது. பிறகு அதே வில்லையை ஆக்சிஜன் ஓட்டத்தில் 450 டிகிரியில் இரவு முழுவதும் வைத்து, மெல்ல ஆறவிட்டேன். மறுநாள் மின்தடை நேர்கோடாக இறங்கி வந்து, 92 கெல்வினை (சுமார் −181 டிகிரி செல்சியஸ்) ஒட்டிச் சரேலெனப் பூச்சியத்துக்கு விழுந்தது.

மாறியது ஆக்சிஜனின் அளவு மட்டுமே. வாய்பாட்டில் 6 ஆக்சிஜன் அணுக்கள் இருந்தால் அது மின்சாரத்தைக் கடத்தாத காப்பான். 7-ஐ நெருங்கினால் மீக்கடத்தி. செம்பு-ஆக்சிஜன் அடுக்குகளில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கடுமையாக விலக்குவதால் அவரவர் இடத்திலேயே முடங்கிக் கிடக்கின்றன. கூடுதல் ஆக்சிஜன் அங்கிருந்து சில எலக்ட்ரான்களை இழுத்துக்கொள்ள, துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள், உண்டாகி நடமாட்டம் தொடங்குகிறது.

இனி உங்கள் செம்புக்கு வருவோம். ஈயம் செம்பைவிட மோசமான கடத்தி, ஆனால் 7.2 கெல்வினில் மீக்கடத்தி ஆகிவிடுகிறது. அறை வெப்பநிலையில் எலக்ட்ரான்களைச் சிதறடித்துத் தடையை உண்டாக்கும் அணிக்கோவை அதிர்வுகளே (படிகத்தில் வரிசையாக அமைந்த அணுக்களின் அதிர்வுகள்) குளிரில் அவற்றை இரண்டிரண்டாக இணை சேர்க்கின்றன. அப்படி இணை சேர்ந்தவை தடையின்றி ஓடுவதே மீக்கடத்தல். செம்பில் எலக்ட்ரான்களுக்கும் அதிர்வுகளுக்கும் இடையிலான பிணைப்பு மிகப் பலவீனம். தடை குறைவதும் அதனால்தான், இணை சேராததும் அதனால்தான்.

1986-இல் பெட்னோர்ஸ், முல்லர் என்ற இயற்பியலாளர் இருவரும் தொடங்கி வைத்த செம்பு ஆக்சைடுகளில் இணை சேர்ப்பது எது என்ற வாதம் இன்னும் தீரவில்லை. காந்த ஏற்ற இறக்கங்கள்தாம் என்போர் பலர். நானும் அந்தப் பக்கமே. ஆனால் மின்தடை காட்டும் போக்கு தெளிவானது. லாந்தனம் காப்பர் ஆக்சைடில் ஸ்ட்ரான்ஷியம் சேர்த்துத் துளைகளை ஏற்றுங்கள்: ஒரு செம்பு அணுவுக்கு 0.05 துளை அளவில் மீக்கடத்தல் தலைகாட்டும், 0.16-இல் உச்சம் தொடும், 0.27 வாக்கில் மறைந்துவிடும். அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பொருள் சாதாரண உலோகத்தைப் போல நன்றாகக் கடத்துகிறது!

உச்சத்தின் அருகே, மீக்கடத்தி ஆவதற்கு முந்தைய சாதாரண நிலையின் மின்தடை செம்பினுடையதைவிட நூறு மடங்குக்கும் அதிகம். அது வெப்பநிலையோடு நேர்கோடாகவே மாறுகிறது. லாந்தனம் சேர்மத்தில் 1000 கெல்வின் வரை அந்தக் கோடு வளையாமல் போவதை அளந்திருக்கிறார்கள். சாதாரண உலோகக் கோட்பாட்டில் இதற்கு இடமே இல்லை. அன்று வரைபடத்தாளில் புள்ளி புள்ளியாக நான் குறித்த கோடும் அப்படித்தான் இருந்தது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன், 92 கெல்வினுக்கு அருகில் வரும்வரை விலகவேயில்லை.