நோட்டுப் புத்தகத்துக்கு வரிச் சலுகை உண்டா?

கேள்வி: பள்ளி திறக்கும் மாதத்தில் என் இரு பிள்ளைகளுக்கும் நோட்டு, பென்சில், ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கியே கை காய்ந்துவிடுகிறது. இந்த ரசீதுகளைக் காட்டி வருமான வரியில் கழிவு பெற முடியுமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: முடியாது, சகோதரி. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் இரண்டு பிள்ளைகளுக்குச் செலுத்தும் கல்விக் கட்டணத்தை, வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு போன்றவற்றோடு சேர்த்து ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரம்புக்குள் கழித்துக்கொள்ளலாம். நோட்டும் பென்சிலும் அதில் அடங்கா. நன்கொடை, வளர்ச்சிக் கட்டணம் ஆகியவையும் சேராது.

உங்களுக்குக் கிடைக்கும் நிவாரணம் கடையிலேயே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகம், பென்சில், ஷார்ப்னர், கிரேயான் ஆகியவற்றின் மீதிருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி.யும், ரப்பரின் மீதிருந்த 5 சதவீதமும் முற்றிலும் நீக்கப்பட்டன. ஜியாமெட்ரி பாக்ஸுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.

ஆனால் விலை அதே அளவு குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வரி இல்லாத பொருளைத் தயாரிப்பவர், அட்டைக்கும் மைக்கும் பசைக்கும் தாம் கட்டிய வரியைத் திரும்ப ஈடுசெய்துகொள்ள இயலாததால், அந்தச் சுமை விலையிலேயே ஏறிவிடுகிறது. நோட்டுக்கான காகிதத்துக்கும் வரியை நீக்கியது இதைத் தணிக்கத்தான். அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். அடுத்த முறை வாங்கும்போது ரசீதைக் கேட்டு வாங்குங்கள். நோட்டுக்கு எதிரே வரி என்று ஏதேனும் போட்டிருந்தால், அங்கேயே நின்று திருத்தித் தரச் சொல்லுங்கள்.