‘பேங்க்ரோல்’ என்றால் யார் பணம்?

ஒரு முயற்சிக்குப் பணம் போடுவதைக் குறிக்க ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி வரும் ‘பேங்க்ரோல்’ என்ற சொல்லைப் பற்றிக் கேட்கப்பட்டவற்றுக்கு, ஆங்கிலப் பிரதிகளைத் திருத்துவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் விடையளிக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி): சொல்லிலேயே ‘பேங்க்’ இருப்பதால், வங்கிக் கடன் கொடுப்பது என்று பொருள் கொள்ளலாமா?

கூடாது. அந்தப் ‘பேங்க்’ வங்கி வெளியிட்ட காகித நோட்டைக் குறிக்கிறது. ‘ரோல்’ அதன் சுருள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில், ஒருவர் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்திருந்த நோட்டுக்கட்டுக்கே இப்பெயர் வழங்கியது. பிறகு அது ஒருவர் கையிலிருக்கும் மொத்தப் பணத்தையும் குறிக்கலாயிற்று. நம் ‘கைமுதல்’ ஏறக்குறைய இதற்கு நேரான சொல். போக்கர் ஆடுவோர் ஆட்டத்துக்கென்று ஒதுக்கி வைக்கும் தொகையை இன்றும் பேங்க்ரோல் என்றே சொல்கிறார்கள். அந்தச் சுருளை அவிழ்த்து இன்னொருவருடைய காரியத்துக்குச் செலவிடுவது என்ற வினைப்பொருள் 20-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது.

கேள்வி (மொழிபெயர்ப்பாளர்): ‘ஃபைனான்ஸ்’, ‘ஃபண்ட்’ ஆகியவற்றுக்கும் இதற்கும் உண்மையில் வேறுபாடு உண்டா, அல்லது செய்தியாளர்கள் அலுப்புத் தீர மாற்றி எழுதுகிறார்களா?

இரண்டும் உண்டு. ஆயினும் நல்ல எழுத்தில் வேறுபாடு தெளிவாகவே தெரியும். ‘ஃபைனான்ஸ்’ என்பது பணம் திரட்டப்படும் ஏற்பாட்டைச் சொல்கிறது. அதில் கடன், பங்கு, வட்டி எல்லாம் அடங்கும். ‘ஃபண்ட்’ என்பது அரசோ அறக்கட்டளையோ ஒதுக்கும் தொகைக்கும் பொருந்தும் பொதுச்சொல். ‘பேங்க்ரோல்’ என்றதும் வாசகர் மனத்தில் எழுவது வசதி படைத்த ஒருவர் அல்லது ஓர் அமைப்பு. செலவின் பெரும்பகுதியை அவரே தாங்குகிறார், பெரும்பாலும் மேடைக்குப் பின்னால் நிற்கிறார்.

ஹல்க் ஹோகன் என்ற மல்யுத்த வீரர், தம் அந்தரங்கக் காணொளியை வெளியிட்டதற்காகக் காக்கர் இணைய நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 2016 மார்ச்சில் நடுவர் குழு அவருக்கு 14 கோடி டாலர் அளிக்கத் தீர்ப்புச் சொன்னது. வழக்குச் செலவை ஏற்றவர் முதலீட்டாளர் பீட்டர் தீல் என்பது அதே ஆண்டு மே மாதம் வெளிவந்தது. ஏறத்தாழ 1 கோடி டாலர் செலவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். இதை எழுதிய ஏடுகளுக்கு ‘பேங்க்ரோல்’ என்ற சொல் இயல்பாகவே வந்து வாய்த்தது. ‘ஃபைனான்ஸ்’ என்று எழுதியிருந்தால், மறைவில் ஒரு பணக்காரர் இருந்தார் என்ற வியப்பு அடிபட்டுப் போயிருக்கும்.

கேள்வி (திரைச் செய்தியாளர்): இந்திய ஆங்கில நாளிதழ்களில் எந்தப் படத்தைப் பற்றி எழுதினாலும் இன்ன நிறுவனம் பேங்க்ரோல் செய்தது என்கிறார்களே, அது சரியா?

பிழை என்று சொல்ல முடியாது. தேய்ந்துபோன வழக்கு என்பேன். தயாரிப்பு நிறுவனம் பணம் போடுவதில் மறைவு ஏதுமில்லையாதலால், ‘தயாரித்தது’ என்ற எளிய சொல்லே போதும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோடம்பாக்கத்தில் ‘ஃபைனான்சியர்’ எனப்படுபவர் தயாரிப்பாளருக்கு வட்டிக்குப் பணம் கொடுப்பவர். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவருக்கு முதலும் வட்டியும் வந்தாக வேண்டும். அவரைப் பேங்க்ரோல் செய்தவர் என்று எழுதினால், அவர் சுமக்காத நட்டத்தை அவர் தலையில் ஏற்றியதாகிவிடும்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): வாக்கியத்தில் எப்படி அமைப்பது? ‘ஃபார்’ சேர்க்க வேண்டுமா?

வேண்டாம். நேராகச் செயப்படுபொருளை ஏற்கும் வினை இது. அந்தப் பொருள் ஆளாகவும் இருக்கலாம், முயற்சியாகவும் இருக்கலாம். ‘ஹெர் அங்கிள் பேங்க்ரோல்ட் தி பேக்கரி’ என்பது போலவே ‘ஹெர் அங்கிள் பேங்க்ரோல்ட் ஹெர்’ என்பதும் சரியே.

கேள்வி (சிறுதொழில் முனைவோர்): வங்கிக்குத் தரும் திட்ட அறிக்கையில் பயன்படுத்தலாமா?

தவிர்த்துவிடுங்கள். பேச்சுக்கும் செய்திக்கும் உரிய சொல் அது. ஒப்பந்தத்திலும் விண்ணப்பத்திலும் சற்று அலட்சியமாக ஒலிக்கும்.

கேள்வி (வாசகர்): பழைய அமெரிக்கக் கதைகளில் வரும் ‘கிரப்ஸ்டேக்’ என்பதும் இதுதானா?

இதற்கு நெருங்கிய உறவு. என்னைக் கேட்டால் இதைவிடச் சுவையான சொல். ‘கிரப்’ என்பது சோறு, ‘ஸ்டேக்’ என்பது பந்தயத்தில் வைக்கும் பங்கு. கனிமம் தேடி மலைக்குப் போகிறவனுக்கு உணவும் கருவியும் கொடுத்துவிட்டு, கிடைப்பதில் பங்கு கேட்பதே கிரப்ஸ்டேக். 1878-இல் கொலராடோவின் லெட்வில் ஊரில் கடை வைத்திருந்த ஹோரஸ் டேபர், இருவருக்கு இவ்வாறு சரக்குக் கொடுத்து மூன்றில் ஒரு பங்கு பேசிக்கொண்டார். அவர்கள் தோண்டிய இடம் ‘லிட்டில் பிட்ஸ்பர்க்’ என்ற வெள்ளிச் சுரங்கமாயிற்று, மளிகைக்காரர் பெருஞ்செல்வரானார். 1893-இல் வெள்ளியின் விலை சரிந்தபோது அச்செல்வம் கரைந்ததும் வரலாறுதான். பங்கு பேசுவது கிரப்ஸ்டேக்கின் உயிர்நாடி. பேங்க்ரோலில் அது கட்டாயமில்லை. மகனின் இசைக்குழுவுக்குத் திரும்பி வராது என்று தெரிந்தே பணம் கொடுக்கும் தந்தையும் பேங்க்ரோல் செய்கிறவரே.

கேள்வி (உதவி ஆசிரியர்): தமிழில் ஒரே சொல்லாக எதை வைப்பது? ‘நிதியளித்தார்’ போதாதா?

அரசு மானியத்துக்கும் அதையே எழுதுகிறோம் என்பதால் போதாது. கொடுத்தவர் எதிர்பார்த்தது என்ன என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆதாயம் எதிர்பார்த்தால் ‘முதல் போட்டார்’ என்றும், எதிர்பார்ப்பின்றித் தாங்கினால் ‘செலவு முழுவதையும் ஏற்றார்’ என்றும், தீலைப் போல் மறைவில் இருந்திருந்தால் ‘பின்னிருந்து பணம் கொடுத்தார்’ என்றும் எழுதலாம். தலைப்பில் இடம் குறைவாக இருந்தால் ‘இன்னார் பணத்தில்’ என்ற இரண்டே சொற்கள் பெரும்பாலும் வேலையை முடித்துவிடும்.